இரவு 3 மணி… திரையில் ஓடுவது வலிப்பா, வெறும் தட்டலா? மூளை அலை கண்காணிப்பாளர்களுக்கான ‘சி.எல்.டி.எம்’ தேர்வும் தயாரிப்பும்

அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். நேரம் அதிகாலை 3 மணி. கண்காணிப்பு அறையில் ஒரே ஒரு டெக்னாலஜிஸ்ட். எதிரே நான்கு நோயாளிகளின் மூளை அலைகள் திரையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதல் நோயாளியின் பதிவில் திடீரென்று சீரான, கூர்மையான அலைகள். நொடிக்கு ஐந்து. பார்த்தவுடன் வலிப்பு மாதிரியே இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ஓடும் வீடியோவைப் பார்த்தால் விஷயம் வேறு. நெஞ்சுச் சளி இளகுவதற்காக நர்ஸ் ஒருவர் நோயாளியின் முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறார். அவர் தட்டுவதை நிறுத்தியதும் அலையும் நின்றுவிடுகிறது.

மூன்றாவது நோயாளி அசையாமல் படுத்திருக்கிறார். கை, கால் துடிப்பு எதுவும் இல்லை. வென்டிலேட்டர் சீராக ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்கு நிம்மதியான தூக்கம்தான். ஆனால் மூளையின் ஒரு பகுதியில் தொடங்கிய சிறிய அலை, வேகம் மாறி, வடிவம் மாறி, பக்கத்துப் பகுதிக்கும் பரவுகிறது. இதுதான் உண்மையான வலிப்பு.

டாக்டரை எழுப்ப வேண்டியது யாருக்காக? இதைச் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியவர் அந்த டெக்னாலஜிஸ்ட். முதல் நோயாளிக்காக எழுப்பினால், தேவையில்லாத வலிப்பு மருந்து உடம்புக்குள் போகலாம். மூன்றாவது நோயாளியைக் கவனிக்காமல் விட்டால், சத்தமே இல்லாமல் மூளை பாதிக்கப்படலாம்.

இந்த முடிவை எடுக்கும் தகுதி ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அமெரிக்காவில் நடத்தப்படுவதுதான் ‘சி.எல்.டி.எம்’ தேர்வு. அது என்ன, யார் எழுதலாம், எப்படித் தயாராவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சி.எல்.டி.எம் என்றால் என்ன?

‘சர்டிஃபைடு லாங் டெர்ம் மானிட்டரிங்’ என்பதன் சுருக்கம். தமிழில் சொன்னால், நீண்டநேர மூளை அலைக் கண்காணிப்புக்கான உயர்நிலைச் சான்றிதழ். இதை நடத்துவது ‘ஏபிரெட்’ என்ற அமைப்பு. 1964-ல் தொடங்கப்பட்ட இது, மூளை மற்றும் நரம்புப் பரிசோதனைத் துறையில் வேலை செய்யும் டெக்னாலஜிஸ்ட்டுகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது.

இது டாக்டர்களுக்கான தேர்வு அல்ல. தலையில் எலெக்ட்ரோட் பொருத்தி, பதிவு எடுத்து, இரவும் பகலும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. பதிவைப் படித்து நோயை முடிவு செய்வது நரம்பியல் டாக்டர். ஆனால் பதிவை முதலில் பார்ப்பவர் டெக்னாலஜிஸ்ட்தான். அவர் கண்ணில் படாதது டாக்டர் காதுக்குப் போக நேரமாகும்.

அரை மணி நேர இ.இ.ஜி போதாதா?

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனைதான் இ.இ.ஜி. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் முதன்முதலில் மனித மூளை அலையைப் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டார். நூறு ஆண்டுகள் கடந்த பிறகும் அடிப்படை அதேதான்: தலைத்தோலில் எலெக்ட்ரோட், மில்லியனில் சில பங்கு வோல்ட் அளவிலான மின்சாரம், ஓடும் கோடுகள்.

வழக்கமான இ.இ.ஜி 20 முதல் 30 நிமிடம் எடுக்கப்படும். ஆனால் வலிப்பு நோய் உள்ள ஒருவருக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் வலிப்பு வருகிறது என்றால், அந்த அரை மணி நேரத்தில் அது வரும் என்று எப்படி எதிர்பார்ப்பது? வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி-யில் அதற்கான அறிகுறியே தெரிவதில்லை.

அதனால்தான் நீண்டநேரக் கண்காணிப்பு. இது முக்கியமாக இரண்டு இடங்களில் நடக்கிறது.

ஒன்று, வலிப்பு கண்காணிப்புப் பிரிவு. இங்கே நோயாளி சில நாள்கள் தங்குவார். பல நேரங்களில் வலிப்பு மருந்தை டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். வலிப்பு வர வேண்டும், அது கேமராவிலும் இ.இ.ஜி-யிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். அதுதான் நோக்கம். வருவது வலிப்பு நோயா, அல்லது பார்க்க அப்படியே இருக்கும் வேறு பிரச்னையா? வலிப்பு நோய்தான் என்றால் மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது? இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் தேடுகிறார்கள்.

இரண்டாவது இடம், தீவிர சிகிச்சைப் பிரிவு. 2004-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், தொடர் இ.இ.ஜி எடுக்கப்பட்ட 570 நோயாளிகளில் 19 சதவிகிதம் பேருக்கு வலிப்பு பதிவானது. அவர்களில் 92 சதவிகிதம் பேருக்கு வந்தது வெளியே எந்தத் துடிப்பும் தெரியாத வலிப்பு. அதாவது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் தெரியாது. திரையைப் பார்த்தால்தான் தெரியும். வலிப்பு வந்தவர்களில் 88 சதவிகிதம் பேருக்கு அது முதல் 24 மணி நேரத்துக்குள் பதிவாகிவிட்டது. கோமாவில் இருந்த சிலருக்கு அதைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் எழுதலாம்?

நேரடியாகப் போய் எழுதிவிட முடியாது. பிரதான வழி இதுதான்: முதலில் ஏபிரெட்டின் அடிப்படை இ.இ.ஜி தேர்வில் தேர்ச்சி பெற்று ‘ஆர். இ.இ.ஜி. டி’ தகுதியை வாங்க வேண்டும். அதன் பிறகு நீண்டநேரக் கண்காணிப்பில் வேலை செய்த அனுபவம், கையாண்ட கேஸ்களின் பதிவு, தொடர்கல்வி நேரம், சி.பி.ஆர் பயிற்சி ஆகியவற்றைக் காட்ட வேண்டும்.

தேர்வு கணினியில் நடக்கும். கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைத் தேர்வு செய்ய வேண்டும். கட்டணம், தேவையான கேஸ்களின் எண்ணிக்கை போன்றவை அவ்வப்போது மாற்றப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான ஏபிரெட் கையேட்டைப் பார்ப்பதே சரி. சீனியர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதினார் என்பதற்காக அவர் சொல்லும் விதிமுறையை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அடிப்படைத் தேர்வில் பாஸ் ஆனவருக்கு இது ஏன் கடினம்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அடிப்படைத் தேர்வுக்குப் படித்த அதே நோட்ஸைத் தூசி தட்டி எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அரை மணி நேரப் பதிவுக்கும் ஐந்து நாள் பதிவுக்கும் உள்ள வித்தியாசம் நேரம் மட்டும் இல்லை.

அரை மணி நேரத்துக்கு எலெக்ட்ரோட் பேஸ்ட்டால் ஒட்டினால் போதும். ஐந்து நாள்களுக்கு அது தாங்காது. கொலோடியன் என்ற பசையை வைத்து ஒட்டுவார்கள். அது எளிதில் தீப்பற்றக்கூடியது, ஆவியும் கடுமை. காற்றோட்டம் வேண்டும். ஒரே இடத்தில் நாள்கணக்கில் எலெக்ட்ரோட் அழுத்தினால் தோல் புண்ணாகும். அதைத் தினமும் பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை அவசரமாக ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டிவரும். அதற்குத் தகுந்த எலெக்ட்ரோட்தானா என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே ஒட்டுவது என்பதிலும் கூடுதல் பாடம் உண்டு. உலகம் முழுக்கப் பயன்படுவது 1958-ல் வெளியான ‘10-20’ முறை. மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்தலை எலும்பு மேடு வரை அளந்து, 10 சதவிகிதம், 20 சதவிகிதம் என்று பிரித்து 21 இடங்களைக் குறிப்பார்கள். ஆனால் கன்னப்பொறிக்குக் கீழே, மூளையின் அடிப்பகுதியில் தொடங்கும் வலிப்பு இதில் சரியாகப் பிடிபடாமல் போகலாம். அதனால், கீழ் வரிசையையும் சேர்த்து 25 எலெக்ட்ரோட் வைக்கச் சொல்லி சர்வதேச மருத்துவ நரம்பு உடலியங்கியல் கூட்டமைப்பு 2017-ல் பரிந்துரைத்தது.

என்னென்ன படிக்க வேண்டும்?

பாடத்திட்டத்தை ஐந்து பெரிய பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் படிப்பது எளிது.

*1. கருவியும் கணக்கும்.* ஃபில்டர், சாம்ப்ளிங் ரேட், சென்சிட்டிவிட்டி. வழக்கமான பதிவில் கீழ் ஃபில்டர் 1 ஹெர்ட்ஸ், மேல் ஃபில்டர் 70 ஹெர்ட்ஸ். ஏன் அப்படி? மேல் ஃபில்டரை 15-க்குக் குறைத்தால் தசை அசைவின் கிறுக்கல் போய்விடும். பதிவு ‘க்ளீனா’ தெரியும். ஆனால் உண்மையான கூர்மையான அலையும் மழுங்கிவிடும். மழுங்கிய தசை அலை, மூளை அலை மாதிரியே தோன்றவும் செய்யும். இந்த ‘ஏன்’ தெரியாமல் எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே மாட்டிக்கொள்ள நேரிடும்.

*2. வலிப்பு வரும்போது என்ன செய்வது?* முதலில் நோயாளியின் பாதுகாப்பு. பக்கவாட்டில் திருப்ப வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஆக்ஸிஜன், சளி உறிஞ்சும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதே நேரத்தில் போர்வையை விலக்க வேண்டும், கேமராவை மறைக்காமல் நிற்க வேண்டும். பெயர் என்ன என்று கேட்க வேண்டும். ஒரு பேனாவைக் காட்டி, இது என்ன என்று கேட்க வேண்டும். ஒரு வார்த்தையைச் சொல்லி, வலிப்பு முடிந்த பிறகு அது ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சும்மா சடங்குக்காக இல்லை. வலிப்பின்போது ஒரு கை முறுக்கி விறைத்துக்கொண்டால், பிரச்னை பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையில் இருக்கிறது என்று அர்த்தம். முடிந்ததும் நோயாளி எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறார் என்பதுகூட ஒரு துப்பு. பெரும்பாலும் அது வலிப்பு தொடங்கிய அதே பக்கத்துக் கை. போர்வைக்குள் இருந்த கை கேமராவில் பதிவாகவே இல்லை என்றால், அந்தத் துப்பு போய்விட்டது. அதற்காக நோயாளி இன்னொரு வலிப்பைத் தாங்க வேண்டும்.

*3. அலையின் பெயரும் எல்லையும்.* தீவிர சிகிச்சைப் பிரிவில் தெரியும் அலை வகைகளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டால் குழப்பம்தான். அதற்காக அமெரிக்க மருத்துவ நரம்பு உடலியங்கியல் சங்கம் பொதுவான சொற்பட்டியல் வைத்திருக்கிறது. 2021 பதிப்புதான் இப்போது அடிப்படை. அதன்படி, நொடிக்கு 2.5-க்கு மேல் என்ற சராசரியில் 10 நொடிகளாவது கூர்மையான அலைகள் தொடர்ந்தால் அது மின்வலிப்பு. அல்லது, அலை தெளிவாக மாறி வளர்ந்துகொண்டே 10 நொடிகளாவது நீடித்தாலும் மின்வலிப்பு. இது விடாமல் 10 நிமிடம் நீடித்தாலோ, எந்த ஒரு 60 நிமிடத்திலும் மொத்தமாக 20 சதவிகித நேரத்தை எடுத்துக்கொண்டாலோ, அது ‘ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்’. அவசரநிலை.

*4. அறுவை சிகிச்சைக்கு முந்தைய கண்காணிப்பு.* வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மருந்தால் மட்டும் வலிப்பு கட்டுப்படுவதில்லை. அவர்களில் சிலருக்கு, வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அகற்றலாம். 2001-ல் வெளியான, கனடாவில் 80 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று இதில் பிரபலம். பக்கமடல் வலிப்பு உள்ளவர்களில், அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவிகிதம் பேருக்கு ஓர் ஆண்டுக்குப் பிறகு, நினைவு தப்பும் வலிப்பு இல்லை. மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8 சதவிகிதம் பேர்தான் அப்படி. ஆனால் எந்த இடத்தில் கத்தி வைப்பது என்பதற்கு ஆதாரம், கண்காணிப்பில் கிடைக்கும் பதிவு. இதற்காக மூளைக்குள்ளேயே எலெக்ட்ரோட் வைத்துப் பதிவு செய்வது, மின்தூண்டல் கொடுத்துப் பேச்சுப் பகுதியைக் கண்டறிவது, வலிப்பு தொடங்கியவுடன் கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன் எனப் பல விஷயங்கள் இந்தப் பகுதியில் வரும்.

*5. சுருக்க வரைபடங்கள்.* 24 மணி நேரப் பதிவை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால் நாள் போதாது. அதனால் பல மணி நேர அலைகளை ஒரே வண்ணப் படமாகச் சுருக்கிக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. வண்ணம் மாறும் இடம் சந்தேகத்துக்குரியது. ஆனால் அந்த இடத்தின் அசல் அலையைத் திறந்து பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. எலெக்ட்ரோட் ஒன்று கழன்றாலும் வண்ணம் மாறும்.

நீங்களே முயன்று பாருங்கள்: மூன்று மாதிரிக் கேள்விகள்

தேர்வு எந்த மாதிரி யோசிக்க வைக்கும் என்று புரிந்துகொள்ள, சில பயிற்சிக் கணக்குகள். இவை தேர்வில் வந்தவை அல்ல, அந்தப் பாணியில் அமைந்தவை.

கேள்வி 1: சென்சிட்டிவிட்டி மில்லிமீட்டருக்கு 7 மைக்ரோவோல்ட். அலையின் உயரம் 8 மில்லிமீட்டர். அதன் மின்னழுத்தம் எவ்வளவு?

விடை: 7 × 8 = 56 மைக்ரோவோல்ட். சாதாரணப் பெருக்கல்தான். ஆனால் சென்சிட்டிவிட்டி எண்ணை 7-லிருந்து 10-ஆக மாற்றினால் அதே அலை திரையில் பெரிதாகத் தெரியுமா, சிறிதாகவா? சிறிதாக. எண் கூடினால் அலை குறுகும். அவசரத்தில் பலர் தலைகீழாகச் சொல்லிவிடும் இடம் இது.

கேள்வி 2: ஒரு மணி நேரப் பதிவில் நான்கு மின்வலிப்புகள். ஒவ்வொன்றும் 4 நிமிடம். நடுவில் இடைவெளி இருக்கிறது. இது ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ் ஆகுமா?

விடை: ஆகும். எந்த வலிப்பும் 10 நிமிடத்தைத் தொடவில்லை. ஆனால் மொத்தம் 16 நிமிடம். 60 நிமிடத்தில் 20 சதவிகிதம் என்பது 12 நிமிடம். எல்லையைத் தாண்டிவிட்டது. ‘இடையில் நின்றுவிட்டதே’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டால், இந்த நோயாளிக்கான அவசர அழைப்பு போகாது.

கேள்வி 3: மூளையின் ஒரு பக்கத்தில் நொடிக்கு 1.5 என்ற அளவில் கூர்மையான அலைகள் 40 நிமிடமாக வருகின்றன. வேகம், வடிவம், இடம் எதுவும் மாறவில்லை. இது மின்வலிப்பா?

விடை: இந்தத் தகவலை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 2.5-ஐத் தாண்டவில்லை, வளர்ச்சியும் இல்லை. வலிப்புக்கும் வலிப்பில்லாத நிலைக்கும் இடைப்பட்ட பகுதியில் இது வருகிறது. ஆனால் வீடியோவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் சரியாக அதே நொடியில் விரலோ கன்னமோ துடித்தால் கதை மாறிவிடும். அப்போது அது வலிப்புதான்.

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். எண் தெரிந்தால் பாதி விடை. நோயாளியைப் பார்த்தால்தான் மீதி.

வேலை பார்த்துக்கொண்டே எப்படிப் படிப்பது?

இந்தத் தேர்வை எழுதுபவர்களில் பெரும்பாலானோர் ஷிஃப்டில் வேலை செய்பவர்கள். இரவுப் பணி முடித்து வந்து புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வரும். ஆனால் இவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பாடம் முழுக்க இவர்களின் வேலையிலேயே இருக்கிறது.

• முதலில் பலவீனத்தைக் கண்டுபிடியுங்கள். வயது வந்தோர் வலிப்புப் பிரிவில் மட்டும் வேலை செய்பவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் சொற்பட்டியல் புதிது. தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு மூளைக்குள் வைக்கும் எலெக்ட்ரோட் புதிது. தினமும் செய்யும் வேலையையே திரும்பத் திரும்பப் படிப்பது மனதுக்குச் சுகம், மதிப்பெண்ணுக்கு இல்லை.

• ஷிஃப்டுக்கு ஒரு பதிவு. டாக்டரின் அறிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் முடிவை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். எங்கே தப்பு என்பதைவிட ஏன் தப்பு என்று எழுதுவது முக்கியம். நோயாளியின் பெயர், அடையாளம் எதுவும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது.

• போலி அலைகளுக்குத் தனி நோட்டு. பல் தேய்ப்பது, மெல்லுவது, வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய நீர், குழந்தையை அம்மா தட்டிக்கொடுப்பது... இவை எல்லாமே வலிப்பு மாதிரி வேஷம் போடக்கூடியவை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

• கணக்குக்குத் தினமும் பத்து நிமிடம். மின்னழுத்தம், அதிர்வெண், 10-20 அளவு. உதாரணமாக, மூக்குப் பள்ளத்திலிருந்து பின்தலை மேடு வரை 36 சென்டிமீட்டர் என்றால் முதல் புள்ளி 3.6-ல், நடு உச்சி 18-ல். பேருந்திலோ ரயிலிலோ மனதிலேயே போட்டுப் பழகலாம்.

• யாருக்காவது சொல்லிக்கொடுங்கள். புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்கு ஃபில்டர் பற்றி விளக்க முயன்றால், உங்களுக்கு எது புரியவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

• ஏபிரெட் வெளியிடும் பாடப்பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, முடித்ததை அடித்துக்கொண்டே வாருங்கள். ‘ஏசெட்’ என்ற டெக்னாலஜிஸ்ட்டுகளின் சங்கம் நடத்தும் படிப்புகளும் பயிற்சிகளும் தொடர்கல்வி நேரத்துக்கும் உதவும்.

சான்றிதழ் ஒரு காகிதம்தானே, எதற்கு இவ்வளவு?

நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு விஷயங்கள்.

முதலாவது, பணம். 2020 ஜனவரி முதல் அமெரிக்காவில் நீண்டநேர இ.இ.ஜி-க்கான மருத்துவக் கட்டணக் குறியீடுகள் மாற்றி எழுதப்பட்டன. யாருமே பார்க்காத பதிவு, இடையிடையே பார்க்கும் பதிவு, தொடர்ந்து பார்க்கும் பதிவு என்று மூன்றாகப் பிரித்தார்கள். ‘தொடர்ந்து’ என்றால் ஒரு டெக்னாலஜிஸ்ட் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 4 நோயாளிகளைத்தான் பார்க்கலாம். ‘இடையிடையே’ என்றால் குறைந்தது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அதிகபட்சம் 12 பேர். டெக்னாலஜிஸ்ட்டின் கண்ணுக்கும் நேரத்துக்கும் தனி மதிப்பு இருக்கிறது என்பது இதன் மூலம் கணக்குப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

இரண்டாவது, உயிர். வலிப்பு நோயாளிகளுக்கு அரிதாக ஏற்படும் திடீர் மரணம் பற்றி, பல நாடுகளின் கண்காணிப்புப் பிரிவுகளில் விசாரித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் இருக்கும்போதே நிகழ்ந்த 16 மரணங்களை அது ஆராய்ந்தது. அவற்றில் 14 இரவில் நடந்தவை. உடல் முழுக்க வரும் பெரிய வலிப்பு முடிந்த சில நிமிடங்களுக்குள் மூச்சும் இதயமும் தடுமாறி நின்றிருக்கின்றன. இரவில் போதிய கண்காணிப்பு இல்லாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ‘வலிப்பு முடிந்த பிறகு செய்ய வேண்டியவை’ என்ற தலைப்பு, இரண்டு மதிப்பெண் கேள்வியாகத் தெரியாது. துடிப்பு நின்றுவிட்டது, அலையும் தட்டையாகிவிட்டது, ஆகவே எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் அந்த நிமிடம்தான் ஆபத்தானது. மூச்சு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டிய நிமிடம் அது.

ஏ.ஐ வந்துவிட்டதே, இனி மனிதர்கள் எதற்கு?

வலிப்பைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே பயன்பாட்டில் உள்ளன. நீளமான பதிவில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவை சுட்டிக்காட்டுகின்றன. ஆனால் மெல்லுவதையும் முதுகில் தட்டுவதையும் வலிப்பு என்று எச்சரிக்கும் சிக்கலும், நுணுக்கமான வலிப்பைத் தவறவிடும் சிக்கலும் அவற்றுக்கு இருக்கின்றன. கழன்ற எலெக்ட்ரோடை ஒட்டுவதும், நோயாளியின் பெயரைக் கேட்பதும், போர்வையை விலக்குவதும் அவற்றால் முடியாது. வேலையின் வடிவம் மாறலாம். கடைசியாக முடிவெடுக்க ஓர் ஆள் தேவை என்பது இப்போதைக்கு மாறவில்லை.

நமக்கு இதில் என்ன?

சான்றிதழ் அமெரிக்காவுடையது. ஆனால் நோய் எல்லா ஊருக்கும் பொது. உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால், அவர்களில் 70 சதவிகிதம் பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அது சொல்கிறது. அந்த ‘சரியாகக் கண்டறிதல்’ என்ற இடத்தில்தான் இந்த வேலை வருகிறது.

பாடமும் அப்படித்தான். மின்சாரக் கம்பியிலிருந்து வரும் இரைச்சல் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். இந்த மாதிரி சில எண்கள் மாறும். தலையை அளக்கும் முறையும், அலையைப் படிக்கும் முறையும், வலிப்பு வரும்போது நோயாளியைப் பக்கவாட்டில் திருப்புவதும் மாறாது.

மீண்டும் அந்தக் கண்காணிப்பு அறை. மணி 3.02. முதல் நோயாளியின் பதிவில் ‘முதுகில் தட்டல், வலிப்பு அல்ல’ என்று ஒரு குறிப்பு ஏறிவிட்டது. மூன்றாவது நோயாளிக்காக டாக்டருக்கு அழைப்பு போயிருக்கிறது. எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடித்தது, எங்கே பரவியது என்று டெக்னாலஜிஸ்ட் வரிசையாகச் சொல்கிறார். டாக்டர் மருந்தைச் சொல்கிறார், நர்ஸ் ஊசி போடுகிறார். சில நிமிடங்களில் அந்த அலை அடங்குகிறது. மற்ற மூன்று நோயாளிகளின் பதிவுகளும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.